சிதம்பரத்தையும் கூளையனையும் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்: நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் பள்ளி நூலகங்களிலும் வேலை பார்க்கிற உங்களுக்கும், எந்தெந்தப் புத்தகத்தை வாங்குவது என்று முடிவெடுக்கிற தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். 12 வயதைத் தாண்டி, கல்லூரிக்குப் போகும் வயதுக்கு இன்னும் வராமல், நடுவில் நிற்கிற பிள்ளைகளுக்கென்று உங்கள் நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். முழு அலமாரி முடியாவிட்டால் ஒரு தட்டாவது ஒதுக்குங்கள். அவர்கள் வயதுப் பையன்களும் பெண்களும் நடுநாயகமாக வருகிற நல்ல தமிழ்க் கதைகளை அதில் வையுங்கள். தலைப்பில் இருக்கிற சிதம்பரமும் கூளையனும் அப்படி இரண்டு நாவல்களில் வருகிற பையன்கள்தான். இதற்காக யாரும் புதிதாக எழுதித் தர வேண்டியதில்லை. அந்தக் கதைகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன, பல நூலகங்களில் ஏற்கெனவே வாங்கியும் வைத்திருக்கிறீர்கள். ஆனால் நாவல், சிறுகதை என்று எழுதி ஒட்டிய பெரியவர்கள் பகுதியில், அந்தப் பிள்ளைகள் எட்டிப் பார்க்காத மூலையில் அவை நின்றுகொண்டிருக்கின்றன.

நான் ஆசிரியை இல்லை, இலக்கியம் பாடமாகப் படித்தவளும் இல்லை. ஆசைக்காகப் படிக்கிறவள். சின்னப் பிள்ளைகள் நாயகர்களாக வருகிற கதை என்றால் கையில் இருக்கிற மற்ற புத்தகத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு அதை எடுத்துவிடுவேன், இந்த வயதிலும். பெரியவர்கள் வருகிற கதைகளில் ஒவ்வொருவரிடமும் தான் செய்வதற்கு ஒரு காரணம் தயாராக இருக்கும். பிள்ளைகளிடம் அது கிடையாது. பசிக்கிறது, பயமாக இருக்கிறது, ஒருத்தனோடு சேர்ந்து திரியப் பிடித்திருக்கிறது, இன்னொருத்தனைப் பார்த்தாலே ஆத்திரம் வருகிறது, அவ்வளவுதான். எழுதுகிறவர் நடுவில் புகுந்து விளக்கம் சொல்லாமல் அதை அப்படியே விட்டுவிட்டால், அந்தக் கதை நம்மைப் பிடித்துக்கொள்ளும், பிறகு விடாது.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்' கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் போட்டி போட்டுப் பெருமை பேசிக்கொள்வதில் கதை தொடங்குகிறது. உங்கள் வீட்டில் அது இருக்கிறதா, எங்கள் வீட்டில் இது இருக்கிறது என்று போகிற அந்தச் சண்டையை நாம் எல்லோரும் போட்டிருக்கிறோம். வசதியான வீட்டுப் பையன் ராமசாமி, தன் வீட்டுக்கு ஒரு ராஜா வருவதைச் சொல்லி எல்லோரையும் வாயடைக்க வைத்துவிடுகிறான். ஏழை வீட்டுப் பெண் மங்கம்மாளிடம் பதிலுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் தீபாவளி. உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அனாதைப் பையன் அவர்கள் வீட்டு வாசலுக்கு வருகிறான். அந்தத் தாய் அவனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிக்க வைத்து, உடுத்தக் கொடுத்துச் சாப்பாடும் போடுகிறாள். அவன் பெயர் ராஜா. தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக மங்கம்மாள் போய் ராமசாமியிடம் சொல்கிறாளே, அந்த இடத்தில் அவள் கருணை பேசவில்லை, யாருக்கும் பாடம் நடத்தவும் இல்லை. போட்டியில் தோற்ற ஒரு சிறுமி இப்போது சரிக்குச் சரியாக வந்து நிற்கிறாள், அவ்வளவுதான் அவளுக்கு. ஏழைகளுக்கு இரங்க வேண்டும் என்று அடியில் ஒரு வரி சேர்த்திருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும். அழகிரிசாமி சேர்க்கவில்லை.

அவருடைய ‘அன்பளிப்பு' இன்னொன்று. பத்திரிகை வேலை பார்க்கிற ஒருவர், அவர் வீட்டுப் புத்தகங்களைச் சுற்றிக் கும்மாளம் போடுகிற அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். அவர் சில பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார், சாரங்கனுக்குக் கொடுக்கவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவன் ஞாபகம் வரவில்லை. சாரங்கன் அழுவதில்லை, சண்டை போடுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உபசரித்து, தானே வாங்கி வைத்திருந்த டைரியை அவர் கையில் கொடுத்து, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், அந்தப் பையன் டைரியை நீட்டுகிற இடத்தில் இன்னும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. கணக்கில் விடுபட்டுப்போன பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்பது ஒரு வகுப்பறையில் எல்லோரையும்விடப் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்படியிருக்க, இந்தக் கதை இருக்கிற தொகுப்பு ஏன் பெரியவர்கள் பகுதியில் மட்டும் இருக்க வேண்டும்? அந்தத் தொகுப்புக்கு 1970இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. விருது கிடைத்த புத்தகம் என்பதாலேயே அது பெரியவர்கள் சமாச்சாரம் ஆகிவிட்டதோ என்று தோன்றுகிறது.

அழகிரிசாமி பிறந்த இடைசெவல்தான் கி. ராஜநாராயணனுக்கும் ஊர். இரண்டு பேரும் சிநேகிதர்கள். கி.ரா.வின் ‘கதவு' தெரியாத நூலகர் இருக்க முடியாது. அக்காவும் தம்பியும் மற்ற பிள்ளைகளும் வீட்டுக் கதவில் ஏறி நின்று பஸ் ஓட்டுகிறார்கள், திருநெல்வேலிக்கு டிக்கெட் கேட்கிறார்கள், கதவில் தீப்பெட்டிப் படம் ஒட்டுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அரசாங்க ஆட்கள் வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்பா வேலை தேடி வெளியூர் போயிருக்கிறார். கதவில்லாத வீட்டுக்குள் குளிர் வருகிறது, அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தையும் இருக்கிறது. வரி, வறட்சி, அரசாங்கம் எதைப் பற்றியும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. தங்கள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்த அளவோடு கதையை நிறுத்தினாரே, அதில்தான் அவர் பெரிய எழுத்தாளர்.

அதே கோவில்பட்டிச் சீமையில் இருந்து வந்தவர்தான் பூமணி. அவருடைய ‘வெக்கை' 1982இல் வந்தது. அதன் நாயகன் சிதம்பரத்துக்கு வயது 15. அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை வெட்டத்தான் அவன் போகிறான், ஆனால் ஆளே செத்துப்போகிறான். அதற்குப் பிறகு நாவல் முழுக்க அய்யாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிவதுதான். கொலையில் தொடங்குகிற கதை என்றதும் பயந்துபோய் மூடி வைக்கிறவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று தேடுகிறார்கள், கிடைத்ததைச் சுட்டும் சமைத்தும் தின்கிறார்கள், எந்த இடத்தில் படுத்தால் ஆள் பார்வை படாது என்று யோசிக்கிறார்கள், ஆத்தாவை நினைக்கிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள். மகன் செய்ததை அய்யா புகழவும் இல்லை, அதற்காக அவனைப் போட்டு அடிக்கவும் இல்லை. பக்கத்தில் இருக்கிறார். ஒரு தகப்பனும் பதின்வயது மகனும் இவ்வளவு நேரம் சேர்ந்து இருந்து, இவ்வளவு சாதாரணமாகப் பேசிக்கொள்கிற வேறொரு தமிழ் நாவலை நான் படித்ததில்லை. 2019இல் இதை வைத்து ‘அசுரன்' படம் வந்தது. பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள், தியேட்டரிலும் பார்த்தார்கள், டிவியிலும் போனிலும் பார்த்தார்கள். அந்தப் படத்தில் கதை அப்பாவின் கைக்குப் போய்விட்டது, தனுஷ் நடித்த சிவசாமிதான் அங்கே நாயகன். நாவலில் அது மகனுடைய கதை. 15 வயதில் ஒருவன் பயந்தும் பயப்படாமலும், வீரனும் இல்லாமல் குற்றவாளியும் இல்லாமல், பசியோடு நடந்துபோகிற கதை. படத்தைப் பார்க்க விட்ட நாம், அதைவிட நிதானமான, அதைவிட மென்மையான நாவலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தயங்குவதில் என்ன நியாயம் இருக்கிறது?

சரி, எங்கள் பக்கத்தில் ஒரு நூலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர் என்பது முக்கியமில்லை, எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற என் அக்கா மகள், நான் சொல்லிக் கேட்டு, பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி'யை எடுக்கப் போனாள். அங்கே இருந்தவர் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது பெரியவங்க படிக்கிறது பாப்பா என்று சொல்லி, நீதிக்கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவரும் நல்ல மனசோடுதான் செய்திருப்பார். ஆனால் அந்த நீதிக்கதையை அவள் மூன்றாம் வகுப்பிலேயே தாண்டி வந்துவிட்டாள். பிறகு என் அட்டையில் ‘கூளமாதாரி'யை எடுத்துக் கொடுத்தேன்.

2000இல் வந்த நாவல் அது. கொங்கு நாட்டு மேட்டுக்காட்டில், கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்கிற சக்கிலியர் வீட்டுப் பையன் கூளையன். நெடும்பன், வவுறி, செவிடி என்று அவனைப் போலவே ஆடு மேய்க்க வருகிற கூட்டாளிகள் இருக்கிறார்கள். பெயர்களைப் பாருங்கள், யாருக்கும் சொந்தப் பெயர் வாயில் வருவதில்லை, உடம்பைப் பார்த்து ஊர் வைத்த பெயர்தான். வேலை, பசி, அடி எல்லாம் இருக்கிறது. ஆனால் நாவல் நிறைய இருப்பது விளையாட்டுதான். வெயிலும் பனைமரமும் ஆடுகளும் அந்தப் பிள்ளைகளின் சிரிப்பும் பக்கம் பக்கமாக வருகின்றன. இவ்வளவு கொடுமைக்கு நடுவில் இவ்வளவு சந்தோஷமா என்று படிக்கிற நமக்குக் கஷ்டமாகவே இருக்கும். பண்ணையக்காரர் மகன் செல்வன் கூளையன் வயதுக்காரன், அவனோடு சேர்ந்துதான் விளையாடுகிறான். முடிவை நான் சொல்லப்போவதில்லை. என் அக்கா மகள் படித்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டது இதுதான்: செல்வன் கூளையனை ஃப்ரெண்டாக நினைத்தானா, இல்லையா சித்தி? நான் பதில் சொல்லவில்லை. அவளாகவே தன் வகுப்பில் யார் யாரோடு சாப்பிட உட்காருகிறார்கள் என்று பேசத் தொடங்கினாள், அன்று ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பெரியவங்க படிக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்ட புத்தகம் செய்த வேலை இது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சாதிப் பெயர் வருகிறது, வசவு வருகிறது, கொலை வருகிறது, நாளைக்கு ஒரு பெற்றோர் வந்து சத்தம் போட்டால் மாட்டிக்கொள்வது நாங்கள்தானே என்பீர்கள். அந்தப் பயம் பொய் இல்லை, உங்கள் சம்பளத்தையும் வேலை நிலைமையையும் வைத்துப் பார்த்தால் அதை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. அதனால்தான் தேர்வுக் குழுவினரையும் சேர்த்து இதை எழுதுகிறேன். தனி ஒரு நூலகர் தன் பொறுப்பில் செய்கிற காரியமாக இது இருக்கக் கூடாது. மேலே இருந்து ஒரு பட்டியலாக வந்தால், யாராவது கேட்டால் காட்டுவதற்கு உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும். எல்லாப் புத்தகமும் எல்லா வயதுக்கும் என்று நான் சொல்லவில்லை. ‘கதவு', ‘ராஜா வந்திருக்கிறார்', ‘அன்பளிப்பு' மூன்றையும் 12 வயதில் தாராளமாகப் படிக்கலாம். ‘வெக்கை', ‘கூளமாதாரி' இரண்டும் 14, 15 வயதுக்கு. இதை முடிவு செய்ய உங்களைவிடத் தகுந்தவர்கள் யார் இருக்கிறார்கள், தினமும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறவர்கள் நீங்கள்தானே.

வசவுக்காகவும் சாதிக்காகவும் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தச் சொற்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட மைதானத்திலும் தெருவிலும் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டன. அந்தச் சொல்லை வாங்கிக்கொள்கிற பையனின் உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்புதான் அவர்களுக்கு வெளியே கிடைப்பதில்லை. அது கதையில் மட்டும்தான் கிடைக்கிறது.

சிறுவர் பகுதியைக் குறை சொல்ல வரவில்லை. அங்கே நல்ல வேலை நடக்கிறது. 2010இல் இருந்து சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்கென்று பால சாகித்திய புரஸ்கார் விருது கொடுக்கிறது. தொடக்கத்திலேயே தமிழில் அதைப் பெற்றது மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி'. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பிள்ளைகள் வெளியே சொல்லப் பயப்படுகிற விஷயத்தைக் கதைக்குள் வைத்துப் பேசியது, 2020இல் விருது பெற்றது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் படித்து முடித்த பிள்ளை, எட்டாம் வகுப்பில் வந்து நின்று அடுத்து என்ன என்று கேட்டால், நாம் ‘பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தைத்தான் காட்டுகிறோம். அது நல்ல புத்தகம்தான், நானும் ராத்திரி தூங்காமல் படித்தவள்தான். ஆனால் அதற்குப் பக்கத்தில் அவனைப் போலவே ஒரு பையன், அவளைப் போலவே ஒரு பெண் இருக்கிற புத்தகமும் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதியதோடு நிறுத்தவும் வேண்டாம். ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதி 1935இல் வந்த ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலின் சுவாமிநாதன் நம்ம ஊர்ப் பையன்தான். 1930இல் ஆற்றங்கரைக் கூட்டத்தில் சுதேசிப் பேச்சைக் கேட்டுத் தன் தொப்பியைத் தூக்கி நெருப்பில் போடுகிறான், மறுநாள் பள்ளிக்கூடக் கண்ணாடியை உடைக்கிறான், ஆனால் அவன் உயிர் முழுக்க இருப்பது கிரிக்கெட்டிலும் சிநேகிதன் ராஜம் தன்னோடு பேசுவானா என்பதிலும்தான். நாட்டு விடுதலையும் கிரிக்கெட் மேட்ச்சும் ஒரே அளவில் முக்கியமாக இருக்கிற வயது அது, அதை அப்படியே எழுதியிருக்கிறார். அதே மாதிரி ஜப்பானில் 1981இல் தெத்சுகோ குரோயாநாகி எழுதிய ‘டோட்டோ-சான்', தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. ஒரு பள்ளியில் இருந்து வெளியே அனுப்பப்பட்ட சிறுமி புதுப் பள்ளிக்கு வருகிறாள், ரயில் பெட்டிகளே அங்கே வகுப்பறை. தலைமை ஆசிரியர் கோபயாஷி முதல் நாளே அவள் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்கிறார். இந்தப் புத்தகத்தை ஆசிரியர்கள் பலர் படித்து உருகியிருக்கிறார்கள், பயிற்சி வகுப்புகளில் பேசுகிறார்கள். பிள்ளைகள் கைக்கு அது போவது குறைவு. எழுதப்பட்டது அந்தச் சிறுமியின் கண் வழியாக, சிரிக்கச் சிரிக்க. அதைப் பெரியவர்களுக்கான கல்விப் புத்தகமாக மட்டும் வைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் படிக்காமல் உங்களில் யாரும் நூலக அறிவியல் தேர்வு எழுதியிருக்க முடியாது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்கிற இரண்டும் அதில் உண்டு. இந்த மாநிலத்தில் 1948இலேயே பொது நூலகச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அவர் உழைப்பு இருந்தது. சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக நாங்கள் கட்டுகிறோம், சந்தோஷமாகத்தான் கட்டுகிறோம். கூளையனுக்கான வாசகர் 14 வயதில் உங்கள் வாசலில் வந்து நிற்கும்போது அவரைத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும்.

அலமாரியைத் தவிர இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்றால், கேட்கிறேன். அழகிரிசாமி, கி.ரா. தொகுப்புகள் தலையணை கனத்தில் இருக்கின்றன, அதைப் பார்த்தே பிள்ளைகள் ஓடிவிடுகிறார்கள். ஒரு கதை, இரண்டு கதை மட்டும் இருக்கிற மெல்லிய புத்தகங்களாகப் பதிப்பாளர்களிடம் கேட்டு வாங்குங்கள். இரா. நடராசனின் ‘ஆயிஷா' அப்படிச் சின்னப் புத்தகமாக வந்ததால்தான் அவ்வளவு கைகளுக்குப் போனது, கேள்வி கேட்டதற்காக அடி வாங்குகிற அந்தப் பெண்ணைப் பற்றி ஊர் ஊராகப் பேச்சு நடந்தது. அடுத்து, சிறுவர் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிற பிள்ளை பெரியவர்கள் பகுதியில் நின்று புரட்டினால் விரட்டாதீர்கள், புரட்டட்டும். பள்ளி நூலகம் வைத்திருக்கிற ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இதிலிருந்து நீ கற்றுக்கொண்டது என்ன என்று எழுதி வரச் சொல்லாதீர்கள். சாரங்கன் டைரியை நீட்டுகிற இடத்தைப் படித்துவிட்டு வருகிற பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? பேச விரும்பினால் பேசட்டும், இல்லையென்றால் அடுத்த புத்தகத்தைக் கொடுங்கள். நூலகப் பாடவேளை என்று ஒன்று இருக்கிறதே, அதில் ‘கதவு' மாதிரி ஒரு கதையைச் சத்தமாக வாசித்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் மணி அடிக்கும்வரை சும்மா இருந்துபாருங்கள்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இதற்காக ஒரு தட்டு ஒதுக்குவதாகச் சொன்னால், முதல் புத்தகங்களை நானே வாங்கித் தருகிறேன். ‘வெக்கை' இரண்டு பிரதி, ‘கூளமாதாரி' இரண்டு பிரதி, அழகிரிசாமி கதைகள், ‘டோட்டோ-சான்'. நன்கொடைப் புத்தகங்களைப் பதிவேட்டில் ஏற்றி இரவல் கொடுப்பதற்கு என்ன நடைமுறை, யாரிடம் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் தெரியப்படுத்துங்கள், காலாண்டு விடுமுறைக்கு முன்னால் கொண்டு வந்து சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நூலக உறுப்பினர்களில் ஒருத்தி